இரண்டு கம்பி கரண்டுக்கு, இரண்டு கம்பி வம்புக்கு

"லேப்டாப்பில் போனைச் சொருகி சார்ஜ் ஏற்றாதீர்கள், பேட்டரி வெடித்துவிடும். உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர் எச்சரிக்கை போட்டிருந்தார். அதை அனுப்பியபோது அவருடைய போன் பேத்தியின் லேப்டாப்பில்தான் சொருகியிருந்தது என்று சித்தி அடுத்த செய்தியிலேயே போட்டுக்கொடுத்துவிட்டார். சித்தப்பா அசரவில்லை. "என்னுது பழைய போனு, அது வெடிக்காது" என்றார்.

வெடிக்காது என்பது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. லேப்டாப்பின் பழைய வகை யுஎஸ்பி ஓட்டையிலிருந்து வருவது 5 வோல்ட், அதிகபட்சம் அரை ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் இரண்டரை வாட். கொஞ்சம் பிந்தி வந்த நீல நாக்கு ஓட்டையில் 900 மில்லி ஆம்பியர். இன்று பெட்டிக்கடைக்காரர் கையில் இருக்கும் போன்கூட 18 வாட், 33 வாட் என்று கேட்கிறது. இரண்டரை வாட்டில் 5000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரியை நிரப்ப ஒரு ராத்திரி முழுக்க ஆகும். மெதுவாக ஏறுகிற பேட்டரி சூடாவதும் குறைவு. வெடிப்பதற்கு வேண்டிய அவசரமே அதனிடம் கிடையாது.

ஆபத்து அந்தக் கேபிளில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் பயப்பட்ட இடத்தில் அது ஒருபோதும் இருந்ததில்லை.

வேகவதி ஆற்றைத் தாண்டினால் எங்கள் ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரத்துக்காரர்கள் சுருக்கமாக ஜைனக் கோயில் என்பார்கள். கோயிலைச் சேர்ந்த சமண நயினார் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும் என்பதால், விளக்கில்லாமல் வாழ்வது எப்படி என்று ஊருக்கு ஒரு பழைய பயிற்சி உண்டு. மற்றவர்கள் நெசவு. குழித்தறிக்குக் கரண்டு வேண்டாம், நெய்கிறவன் கண்ணுக்குத்தான் வேண்டும். கோர்வை போடும்போது பெட்டு என்கிற கரையின் நூலும் உடல் நூலும் சேரும் இடத்தை மங்கல் வெளிச்சத்தில் பார்த்தால், சேலை விற்பனைக்குப் போகும்போது அது முதலாளி கண்ணில் நல்ல வெளிச்சத்தில் தெரியும், கூலியில் பிடிப்பார். அரசாங்கம் அதனால்தான் கைத்தறிக்காரர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுத்தது. 2012ல் அந்த 100 யூனிட் அப்படியே பத்திரமாக இருந்தது. கரண்டுதான் இல்லை.

அந்த வருஷத்தை வெளிமாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மாநிலத்துக்கு 4000 மெகாவாட் அளவுக்குப் பற்றாக்குறை என்றார்கள். சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு. மற்ற ஊர்களில் நாளுக்கு 10 மணி, 12 மணி, சில இடங்களில் 16 மணி நேரம்கூட. இங்கிருந்து சென்னை 75 கிலோமீட்டர் இருக்கும். எங்கோ வழியில் ஒரு கோடு இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் பகல், இந்தப் பக்கம் ராத்திரி. ராத்திரியில் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். தெருவில் பாவு ஓட்டுகிறவர்கள் விடியலில் கொட்டாவி விட்டபடியே ஓட்டினார்கள்.

அப்போது எங்கள் வீட்டுக்குள் வந்தது அக்கா மகனின் இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். பிளஸ் டூ பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அரசின் நோக்கம். கற்றுக்கொண்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெரு அதில் முதலில் கண்டுபிடித்த பயன் வேறு. மூடியை லேசாகத் திறந்து வைத்தால் அது கரண்டு இல்லாத வேளையில் கரண்டு தருகிற பெட்டி. பவர் பேங்க் என்ற சொல்லே எங்கள் பக்கம் வராத காலம். இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் முதலாளி வீட்டுக்காரர்கள். அரசு முத்திரை போட்ட இந்தப் பெட்டிதான் எங்களுக்கு இன்வெர்ட்டர்.

பக்கத்து வீட்டு அண்ணன் நோக்கியாவோடு வருவார். மெல்லிசு பின்னுக்கும் யுஎஸ்பிக்கும் இடையில் ஒரு கேபிள் காந்தி ரோட்டில் விற்றது, அதையும் அவரே கொண்டுவருவார். எதிர்வீட்டுப் பெரியம்மா சீனா போனைக் கொடுத்துவிட்டு, மகன் துபாயிலிருந்து எட்டு மணிக்குக் கூப்பிடுவான், அதற்குள் ஏற்றிக் கொடுத்துவிடு ராசா என்பார். ஜைனக் கோயில் சங்கீத மண்டபத்து ஓவியம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள்கூட விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கரண்டு இருந்த ஒரு மணி நேரம் லேப்டாப் குடித்தது, இல்லாத ஒரு மணி நேரம் போன்கள் அதைக் குடித்தன. அக்கா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அடுத்த தை வருவதற்குள் லேப்டாப் பேட்டரி படுத்துவிட்டது. வயரை உருவினால் பத்து நிமிஷம் தாங்காது. லித்தியம் பேட்டரிக்கு இத்தனை முறை நிரம்பி வடியலாம் என்று ஒரு கணக்கு உண்டு. சாதாரணமாக 300லிருந்து 500 வரை. மாணவனுக்கு மூன்று வருஷம் வரவேண்டிய கணக்கைத் தெரு ஒரே வருஷத்தில் தீர்த்துவிட்டது. லேப்டாப்பில் போனைச் சொருகுவதால் அடிபடுவது போன் அல்ல, லேப்டாப் என்பதற்கு எங்கள் தெருவே சாட்சி. ஆனால் அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோரும், "என் போனுக்கு ஒண்ணும் ஆவாதே தம்பி?" என்றுதான் கேட்டார்கள்.

இன்னொரு பயம் ஷாக். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. லேப்டாப்பின் மூன்று பின் பிளக்கில் தடித்த பின் எர்த்துக்கானது. எங்கள் ஊர் பழைய வீடுகளில் எர்த் என்பது தரைக்குத்தான் பெயர். சுவரில் இரண்டு ஓட்டை பிளக் இருந்தால், மூன்றாவது பின்னை வெட்டிவிட்டுச் சொருகுவது வழக்கம். அப்படிச் செய்தால் அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வழியாகத் துளிக் கசிவு வெளியே வரும். லேப்டாப் உலோகத்தில் கை பட்டால் சுருசுருவென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதில் சொருகிய போனின் ஓரத்தைத் தொட்டாலும் அதே சுருசுரு. மண் தரையில் வெறுங்காலோடு, தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கூடுதலாகவே தெரியும். ஒழுங்கான அடாப்டரில் அது ஆளைக் கொல்லாது. போலி அடாப்டரில் அந்த உறுதி கிடையாது. உள்ளே வீட்டுக் கரண்டையும் வெளியே வரும் குறைந்த வோல்ட்டையும் பிரிக்கும் இடைவெளியிலேயே காசு மிச்சம் பிடித்திருப்பார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் அந்தச் சுருசுருப்பைச் சார்ஜ் நன்றாக ஏறுவதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தார். சுருசுரு இல்லாத நாளில், "இன்னிக்கு இன்னாப்பா சரியா ஏறல" என்பார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் நெய்கிறவன் இல்லை, டிசைன் போடுகிறவன். கிராப் காகிதத்தில் கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்பி, ஒவ்வொரு வரிசைக்கும் ஜக்காடு அட்டையில் எங்கே ஓட்டை விழ வேண்டும் என்று சொல்வது என் தொழில். சங்கீத மண்டபம் 1387ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியது. அதன் மேற்கூரையில் ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் கதைகள் பட்டை பட்டையாக, அடியில் எழுத்து விளக்கத்தோடு ஓடுகின்றன. 1934ல் டி.என். ராமச்சந்திரன் சென்னை அருங்காட்சியகத்துக்காக அவற்றைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சின்ன வயசில் அங்கே மல்லாந்து படுத்துத்தான் நான் வரையப் பழகினேன். அந்த ஊர்வலங்களின் ஓரத்திலிருந்து என் முந்திகளுக்கு நிறைய வந்திருக்கிறது. இருகப்பருக்கு இன்றுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை.

டிசைன் திருட்டு என்பது எங்கள் ஊரில் பழைய கலை. கல்யாண வீட்டில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தாலி கட்டும் நேரத்தில் மணமகள் முகத்தைப் பார்க்காமல் முந்தியையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர். அதனால் கிராப் காகிதத்தை இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். ஓட்டை போட்ட அட்டைக் கட்டுகளை யாரும் இரவல் கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். பிறகு காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. இரும்புப் பீரோவில் இருந்ததெல்லாம் ஒரு லேப்டாப்புக்குள் வந்து உட்கார்ந்தது. பீரோ சாவியை இடுப்பை விட்டு எடுக்காத நாங்கள், அதே லேப்டாப்பின் பக்கவாட்டு ஓட்டையில் தெருவில் போகிறவர் போனை எல்லாம் சொருகச் சொன்னோம்.

யுஎஸ்பி கேபிளை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரணக் கேபிளுக்குள் நான்கு கம்பி. சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. 1996ல் இந்த ஓட்டை வந்தபோது சார்ஜ் ஏற்றுவது அதன் வேலையே அல்ல. இன்டெல்லில் இதை உருவாக்கிய குழுவை நடத்தியவர் வடோதராவில் பிறந்த அஜய் பட். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாம் ஒரே ஓட்டையில் வந்து கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் என்பதுதான் யோசனை. மவுஸுக்குத் தனியாக ஒரு வயர் எதற்கு என்று கொசுறாகக் கொடுத்ததுதான் அந்தக் கரண்டு. நாம் கொசுறுக்கு ஆசைப்பட்டுப் போனோம். பச்சையும் வெள்ளையும் நம்மைக் கேட்காமல் பேசிக்கொண்டன.

அந்தக் காலத்தில் அவை என்ன பேசின? பெரும்பாலும் வைரஸ்தான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைகள் இருந்தன. அங்குள்ள கம்ப்யூட்டரில் ஊரின் அத்தனை கார்டுகளும் வந்து போகும். பாட்டோடு ஏறிய சரக்கு போனோடு எங்கள் வீட்டுக்கு வந்து, சார்ஜ் ஏறும் நேரத்தில் லேப்டாப்புக்குள் இறங்கும். மறுநாள் திறந்தால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகியிருக்கும், உள்ளே உள்ளே நியூ ஃபோல்டர் முளைத்திருக்கும். சரி செய்கிறவரிடம் கொண்டுபோனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "இப்ப சூப்பரா இருக்குதுண்ணா" என்பார். என் அன்னப்பட்சி புட்டா ஒன்று அந்தச் சூப்பரில் போனது. அது மறுபடி வேறொருவர் சேலையில், விசைத்தறியில் நெய்து, பாதி விலைக்கு வந்து நின்றதை ஒரு கடையில் பார்த்தேன். கேபிள் வழியாகப் போனதா, கல்யாண வீட்டு முன் வரிசை வழியாகப் போனதா என்று எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் நிச்சயம். அன்று போனுக்குள் திருட ஒன்றுமில்லை. பெரியம்மாவின் போனில் மகன் நம்பர், காஸ் கம்பெனி நம்பர், முருகன் ரிங்டோன். ஆபத்து போனிலிருந்து லேப்டாப்புக்குப் போனது. இன்று அது திரும்பி நடக்கிறது.

இப்போது கரண்டுக்குக் குறைவில்லை. கைத்தறிக்கு இலவச யூனிட்டையும் கூட்டிவிட்டார்கள். அதற்குள் தறியில் உட்கார ஆள்தான் குறைந்துவிட்டது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக விடியலில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் தொடங்கி 2014 நவம்பரில் மூடிய ஆலையை, போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது. உலகத்துக்கே சார்ஜர் எங்கள் மாவட்டத்திலிருந்து போகிறது. அதே சமயத்தில், 2020 அக்டோபரில் ஆப்பிள் போன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்துவிட்டது. சுற்றுச்சூழலுக்காக என்றார்கள். அடுத்த சில மாதத்தில் சாம்சங்கும் தன் விலை உயர்ந்த போன்களில் அதையே செய்தது. ஆக, ஷிப்ட் முழுக்கச் சார்ஜர் செய்துவிட்டு வீட்டுக்கு வரும் பெண், சார்ஜர் இல்லாத பெட்டியைப் பிரித்து, "மாமா, லேப்டாப்புல கொஞ்சம் போட்டுக்கட்டா?" என்று கேட்கிறாள். 2012ல் கேட்டது இல்லாமையால். இப்போது கேட்பது, பழைய சார்ஜரைத் தேடி எடுத்துச் சுவரில் மாட்டச் சோம்பல்பட்டு.

டைப் சி வந்த பிறகு இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் ஒரே முனை என்பதால் கரண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கருவிகளே பேசி முடிவெடுக்கின்றன. சில சமயம் தப்பாக முடிவெடுக்கும். ஒரு நாள் அந்தப் பெண் அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், அவள் போன் இன்னும் கொஞ்சம் வடிந்து என் லேப்டாப் நிரம்பிக்கொண்டிருந்தது. தொழிலாளியிடமிருந்து முதலாளிக்கு ஏறுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்று ஒரு பெரியவர் சொன்னார்.

சரி, வம்புக் கம்பிக்கு வருவோம். 2011ல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் கூட்டத்தில், கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள் நடமாடும் இடத்திலேயே, இலவச சார்ஜிங் கூண்டு ஒன்றை வைத்தார்கள். நிபுணர்களே வந்து சொருகினார்கள். சொருகியதும் திரையில், முன்பின் தெரியாத இடத்தில் போனைக் கொடுக்காதீர்கள் என்று எழுத்து வந்தது. அதிலிருந்து இதற்கு ஜூஸ் ஜாக்கிங் என்று பெயர். நம் ரிசர்வ் வங்கியும் 2022 மார்ச்சில் வெளியிட்ட மோசடி எச்சரிக்கைக் கையேட்டில் இதைச் சேர்த்தது. ஸ்டேஷன், விமான நிலையம் என்று பயம் பரவியது. உண்மையில் அப்படிப்பட்ட பொதுக் கூண்டுகளில் ஊர் ஊராகக் கொள்ளை போனதாகப் பதிவான வழக்கு இல்லை. நடந்தது எல்லாம் தெரிந்தவர் வீட்டில், தெரிந்த கம்ப்யூட்டரில். 2014 தொடக்கத்தில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் புகுந்த ட்ராய்ட்பேக் என்ற வைரஸ், அதில் சொருகிய ஆண்ட்ராய்டு போனுக்குள் கூகுள் ஸ்டோர் போலவே ஒன்றை இறக்கி, உண்மையான வங்கிச் செயலியைத் தூக்கிவிட்டுப் போலியை வைக்கப் பார்த்தது. கொரிய வங்கிகளைத்தான் குறி வைத்தது. அதற்கு யுஎஸ்பி டீபக்கிங் என்ற அமைப்பு திறந்திருக்க வேண்டும். அதே வருஷம் நவம்பரில் சீனாவில் வயர்லர்க்கர்: கள்ளக் கடையில் கிடைத்த 467 மேக் செயலிகளில் ஒளிந்துகொண்டு, ஐபோனைக் கேபிளில் மாட்டுகிற வேளைக்காகக் காத்திருந்தது.

போன் கம்பெனிகள் சும்மா இல்லை. 2013லிருந்து ஐபோன், இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று கேட்கிறது. ஆண்ட்ராய்டும் 2015லிருந்து, சொன்னாலொழிய சார்ஜோடு நிறுத்திக்கொள்கிறது. கேள்வி நல்ல கேள்விதான், பதில் சொல்கிறவர்கள் நாம். கூட்டுறவுச் சங்கத்துக் கூலி வரும் கணக்கு, ஆதார், யுபிஐ, பத்திரத்தின் படம், பேரப்பிள்ளை வீடியோ எல்லாம் உள்ளே இருக்கிற போன் கேட்கிறது, நம்பலாமா? சித்தப்பா பார்க்காமலே சரி என்பதைத் தட்டுகிறார். கேட்டால், "தட்டலன்னா ஏறாதுடா" என்கிறார். தட்டாவிட்டாலும் ஏறும் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நம்பிக்கை வராது. கம்ப்யூட்டரை நம்புகிறார், என்னை நம்பவில்லை. 2025ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சித்தப்பாவுக்குக்கூட வேலை இல்லாமல் செய்தார்கள். கள்ளச் சார்ஜர் ஒன்று கீபோர்டு போல வேஷம் போட்டு, அந்தச் சரியைத் தானே தட்டிக்கொள்ளும் என்று செய்து காட்டினார்கள். இதையொட்டிப் புது ஆண்ட்ராய்டும் ஐபோனும் கைரேகையோ கடவுச்சொல்லோ கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

இத்தனையும் தெரிந்த பின் நல்ல கேபிள் வாங்கலாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். இந்த ஊரில் ஜரிகை வாங்குகிறவனுக்கு இருக்கும் உஷார் உலகத்தில் யாருக்கும் கிடையாது. வெள்ளி எத்தனை, செம்பு எத்தனை, தங்கம் அரை சதவீதமாவது இருக்கிறதா என்று உரசுவான், எரித்துப் பார்ப்பான், சோதிக்கும் கருவிக்குக் கொண்டுபோவான். அதே ஆள் கேபிள் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்கிறான். நானும் தள்ளுவண்டியில் கொத்தாகத் தொங்கியதில் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். விலை 40 ரூபாய், நூல் போல மெல்லிசு.

"அது வாணாண்ணா" என்றார் கடைக்காரர், நல்ல மனுஷர். "உள்ள ரெண்டே கம்பிதான் இருக்கும். சார்ஜ் மட்டும் மெதுவா ஏறும். லேப்டாப்புல போட்டா போட்டோ வராது, பாட்டு ஏறாது, ஒண்ணும் ஏறாது. வாங்கினு போறவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்து திட்றாங்க. மட்ட சரக்கு."

பச்சையும் வெள்ளையும் இல்லாத கேபிளை வெளிநாட்டில் டேட்டா பிளாக்கர் என்று பெயர் வைத்துத் தனியாக விற்கிறார்கள், விலையும் இதைப்போலப் பல மடங்கு. அதை அவரிடம் சொன்னால் விலையை ஏற்றிவிடுவார் என்று சொல்லவில்லை. திருப்பி வந்த சரக்கு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.